வாகைக்குளத்தில் வாலுக்கு முட்டுக் கொடுப்பது ஏன், தெரியுமா?

சென்னையிலிருந்து ஏடிஆர் விமானத்தில் தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வந்தவரா நீங்கள்? அப்படியென்றால் வால் பக்கக் கதவு வழியாகத்தான் ஏறியிருப்பீர்கள். பெட்டிகளில் பெரும்பகுதி முன்பக்கம் போகும். ஆட்கள் எல்லோரும் பின்னால் குவிந்தால் விமானம் வாலைத் தரையில் போட்டு உட்கார்ந்துவிடாதா? உட்கார வாய்ப்பு உண்டு! அதனால்தான் ஏற்றி இறக்கும் நேரத்தில் வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கம்பி வைக்கிறார்கள். எப்போது வைப்பது, யார் எடுப்பது, எடுத்ததை யார் பார்த்துச் சொல்வது, எல்லாமே எழுத்தில் இருக்கிறது!

இன்னொன்று தெரியுமா? சில நேரம் வலது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், அதன் விசிறி மட்டும் அசையாமல் நிற்கும். பயப்பட வேண்டாம், கோளாறு இல்லை. விசிறிக்கு பிரேக் போட்டுவிட்டு, மின்சாரத்துக்கும் ஏசிக்கும் எஞ்சினை ஓடவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ‘ஹோட்டல் மோட்’!

இப்போது பெரிய அதிசயத்துக்கு வருவோம். 1992-ல் விமானம் வரத் தொடங்கியபோது வாகைக்குளத்தில் ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர்தான். ஏடிஆர் 72 முழுப் பாரத்தோடு, அதாவது சுமார் 23 டன்னோடு, கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் கிளம்பவே ஏறத்தாழ 1,300 மீட்டர் கேட்கும். தூத்துக்குடியில் ஏது 15 டிகிரி? 38 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி அதைவிட ஏழு சதவீதம் குறைவு. இறக்கைக்குத் தூக்கும் பிடி குறையும், எஞ்சினுக்கும் வலு குறையும். எனவே கிளம்பும் முன் விமானிகள் அன்றைய வெப்பம், காற்று, ஓடுதளத்தின் ஈரம் மூன்றையும் வைத்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அட்டவணையில் பார்க்கிறார்கள். ஆடி மாதத்து மேல்காற்று எதிரே அடித்தால் லாபம், கொஞ்சம் கூடவே ஏற்றலாம்! நம் நாட்டுக் கணக்கில் வளர்ந்த ஒரு பயணிக்குக் கைப்பையோடு சேர்த்து 75 கிலோ என்பது நெடுநாள் வழக்கம். அட்டவணை 750 கிலோ குறைக்கச் சொன்னால் பத்து இருக்கை காலி! இதில் கேப்டனின் துணிச்சலுக்கு வேலையே இல்லை.

இந்த விதிகளெல்லாம் இருக்கும் புத்தகத்தை எழுதுவது யார்? ஒவ்வொரு விமான நிறுவனமும் தனக்கென ‘ஆபரேஷன்ஸ் மேனுவல்’ வைத்திருக்க வேண்டும், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அதைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு பாகம். முதல் பாகத்தில் பொது விதிகள், யாருக்கு யார் மேலதிகாரி என்பது உட்பட. இரண்டாவது அந்த ரக விமானத்துக்கு. மூன்றாவது வழித்தடங்களுக்கும் நிலையங்களுக்கும். நாலாவது பயிற்சிக்கு. நம் வாகைக்குளம் வருவது மூன்றாவதில், வி-ஓ-டி-கே (VOTK) என்ற குறிப்பெழுத்தோடு! டிக்கெட்டில் இருக்கும் டிசிஆர் வேறு.

விமானி இருவர்தான் ஓட்டுகிறார்கள் என்று நினைத்தீர்களா? தரையில் ஒரு டிஸ்பாட்சர் இருக்கிறார். முத்துக்குளிக்க இறங்குபவர் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அந்த மச்சான் வேலை இவருக்கு. வழியில் வானிலை எப்படி, எரிபொருள் எவ்வளவு என்று திட்டம் போட்டுத் தருபவர் இவர். போய்ச் சேருவதற்கான எண்ணெய் மட்டும் போதாது. வழிச்செலவில் குறிப்பிட்ட சதவீதம் கூடுதலாக ஒரு பங்கு, தூத்துக்குடியில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் போக ஒரு பங்கு, அங்கேயும் வட்டமடிக்க அரை மணி நேரத்துக்கு ஒரு பங்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி நாட்களுக்குத்தான் இந்த விதி.

எல்லாம் சரியாக இருந்தால்தான் பறக்கலாமா? அதுவும் இல்லை! எது எது பழுதானாலும் கிளம்பலாம் என்று ‘எம்இஎல்’ பட்டியலே உண்டு. சில பழுதுக்கு மூன்று நாள் கெடு, சிலவற்றுக்குப் பத்து நாள்.

அவசரத்துக்கு ‘கியூஆர்ஹெச்’ என்று ஒரு சின்னப் புத்தகம். 2009-ல் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் போன விமானத்தில் துணை விமானி அதைத்தான் திறந்தார். ஆனால் அந்தப் பட்டியல் மிக உயரத்தில் பறக்கும்போது நடப்பதற்காக எழுதியது, பாதிகூட முடியவில்லை. கேப்டன் சல்லன்பெர்கர் பதினோராவதாக வரும் துணை மின்னாக்கியை முதலிலேயே ஓடவிட்டார். ஹட்சன் ஆற்றில் இறங்கிய 155 பேரும் பிழைத்தார்கள். ஆபத்தில் புத்தகத்தை மீறும் அதிகாரத்தையும் கேப்டனுக்கு விதிதான் தந்திருக்கிறது!

ஒரு விதி மாறினால் என்ன ஆகும்? 2025-ல் விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. அதற்கேற்ப ஆள் வைக்காத இண்டிகோ, டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தது. ஓய்வு விதி சரியானதுதான்; தயாராகாததே தப்பு.

தூத்துக்குடியில் இப்போது ஓடுதளம் 3,115 மீட்டர். 2025 ஜூலை 26-ல் புதிய முனையமும் திறந்தாயிற்று. பெரிய விமானங்கள் வந்தால் கதவுகள் இருக்கும் இடமும் மாறும். அந்தக் கனத்த புத்தகங்களிலிருந்து பயணிக்குக் கிடைப்பது முன் இருக்கைப் பையில் உள்ள பாதுகாப்பு அட்டை ஒன்றுதான். அடுத்த முறை ஏறியதும் அதை எடுத்து, உங்களுக்குப் பக்கத்துக் கதவு எது என்று பார்த்துவிடுங்கள்.