கண்ணில் படாத சாட்சி

கூண்டிலேறி வாக்குமூலம் கொடாத சாட்சியை இல்லாத சாட்சியென்றே தள்ளிவிடுவது வக்கீல்களாகிய எம்மனோரின் வழக்கம். நீர்நிலைகளின் விஷயத்திலும் அவ்வழக்கமே கையாளப்படுவதால் விளையும் கேடு பெரிது. கோரையும் சேறும் மண்டிய நிலத்தை நடுப்பகலில் ஒருமுறை கண்ணோட்டிவிட்டு, "வெறும் பாழ்" என்று எழுதிச் செல்லும் உத்தியோகஸ்தரின் காலடிக்குப் பத்து முழத்தில் ஓர் உள்ளான் பதுங்கியிருத்தல் கூடும்.

விசிறிவால் உள்ளானையே இங்குக் குறிக்கின்றோம். அலகு நுனி முதல் வால் வரை சாணுக்குச் சற்று அதிகம். எடை சுமார் 100 கிராம். நீளத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு அலகே. அவ்வலகின் நுனி வளைந்து கொடுப்பது. சேற்றினுள் புதைந்தபடியே வாய் திறந்து புழுவைப் பற்ற வல்லது. கண்களோ தலையில் மேலாகவும் பின்னாகவும் அமைந்திருத்தலின், இரை தேடும்போதும் நாற்புறத்தையும் காணும். கபில நிற முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள் ஓடுகின்றன. ஆபத்து நெருங்கினால் அது ஓடுவதில்லை, அசைவற்று அமர்ந்துவிடுகிறது. அப்பொழுது கோடுகள் காய்ந்த கோரைத்தாள்களாகிவிடும், பறவை மறைந்துபோம்.

அதைக் காண விரும்புவோர் விடியலிலோ அந்தியிலோ சென்று, வெயில் முதுகுப்புறம் இருக்குமாறு உட்காருதல் வேண்டும். நீரும் புல்லும் கூடும் விளிம்பிலே தூரதிருஷ்டிக் கண்ணாடியை மெல்ல நகர்த்துக. பறவையைத் தேடற்க, கோடுகளைத் தேடுக. காற்றில் புல்லெல்லாம் ஆட, ஆடாத நாலைந்து கோடுகள் சேர்ந்து நிற்கும். அவற்றின் முன்னே ஒரு கருவிழி. பொறுத்திருந்தால், தையல் யந்திரத்து ஊசிபோல் அலகு சேற்றில் இறங்கி ஏறுவதும் தெரியும். அவசரப்பட்டு எழுந்தாலோ, கரகரத்த ஓர் ஒலியுடன் கிளம்பி, இடமும் வலமும் வெட்டி வெட்டிப் பறந்துவிடும். இதைச் சுடுவது அத்துணை அரிதாயிருந்தது. ஆங்கிலத்தில் இதன் பெயர் 'ஸ்நைப்'. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் ஆடிய இவ்வேட்டையிலிருந்தே 'ஸ்நைப்பர்' என்னும் சொல் பிறந்தது. கொல்வதற்கு அவர்கள் காட்டிய பொறுமையில் கால்பங்கு காண்பதற்குப் போதும்!

வடக்கே குளிர் மிகுந்ததும் இப்பறவைகள் நம் நாட்டுக்கு வருகின்றன. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைக் கழுவெளி அவை தங்குமிடங்களில் ஒன்று. குப்பை மேடும் சாலைகளும் கட்டிடங்களும் அதைப் பல ஆண்டுகள் தின்றன. 2007-இல் ஒரு பகுதி காப்புக் காடாயிற்று. 2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறிற்று. அங்கே பூநாரை வந்திறங்கினால் படமெடுக்கப் பலர் கூடுகின்றனர். உள்ளானுக்காகக் கூடுவோர் அரியர். அதற்கு வேண்டுவது இளகிய சேறு ஒன்றே. சேறு இறுகினால் அலகு இறங்காது. துப்பாக்கிக்குத் தப்பியது லாரி மண்ணுக்குத் தப்புமோ?

கார்த்திகை, மார்கழியில் நேயர்கள் தத்தம் ஊர்ச் சதுப்பின் ஓரத்தில் ஒரு நாழிகை அமர்ந்து பார்ப்பார்களாக. கண்டால் நாளும் இடமும் எண்ணிக்கையும் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவ்விடத்தைப் பாழென்று கூறும் காகிதம் வரும் நாளில், எதிர்த்துத் தாக்கல் செய்ய அக்குறிப்பு உதவும்.