தேய்ப்புப் பலகையும் தைப்பவரின் உரிமையும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு இடையே நெடுங்காலம் அமர்ந்து தைத்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கும் தையற்காரர்களானாலும் சரி, மேலூரிலும் திருமங்கலத்திலும் வீட்டுக் கூடத்தில் ஜாக்கெட் தைத்தும், நைந்த சுங்குடிப் புடவைகளைத் துண்டுகளாக்கி இணைத்துப் போர்வை தைத்தும் ஜீவனம் நடத்தும் பெண்களானாலும் சரி, அவர்கள் எல்லோரையும் நெருக்குவது இடக்குறையே. ஆகவே மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து, வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்துவிடக்கூடிய சிறு தேய்ப்புப் பலகை அவர்களுக்கு அத்தியாவசியமான உபகரணமாகிறது. மிஷின் வாங்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், நாள் முழுதும் நெருப்புச் சூடு விழுகிற இந்தப் பலகையை மட்டும் யாதொரு கேள்வியும் கேளாமல் வாங்கிவிடுகிறோம் என்பது வருந்தத்தக்க விஷயம்.

பலகை மெத்தென்று இருப்பது நல்லதென்பது பொதுவான எண்ணம். துண்டுத்துணி வேலைக்கு அது நேர்விரோதம். அடியில் பஞ்சு அமுங்கினால், குறுக்கு வாட்டில் வெட்டிய துணி இஸ்திரிப் பெட்டியின் கனத்தில் இழுபட்டு, சதுரமாக இருந்தது கோணலாகிவிடும். அப்படிப் பத்துத் துண்டுகள் சேர்ந்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டா. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத உறுதியும், துணி வழுக்காத சொரசொரப்பும் உள்ள பலகையே உத்தமம்.

அபாயம் உள்ளே இருக்கும் பொருளில்தான் பதுங்கியிருக்கிறது. பருத்திக்கு வைக்கும் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். தெர்மோகோலோ 100 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும். மலிவான ஸ்பாஞ்சு நாளடைவில் கருகி, மூச்சை அடைக்கும் புகையை விடும். வெள்ளி போல மின்னும் மேலுறை பார்வைக்கு அழகுதான். ஆனால் ஈரத்தை உள்ளே விடாமல் துணியிலேயே நிறுத்துவதோடு, சூட்டையும் திருப்பி அனுப்பிப் பாலியெஸ்டர் கலந்த துணியை இரண்டு பக்கமும் வாட்டிவிடும். பலகைக்குப் பதிலாக மேசைமேல் விரிக்கும் சுத்தக் கம்பளிப் பாய் எளிதில் தீப்பற்றாது. எனினும் அதன் வழியே ஈரம் இறங்குமாதலால் அடியில் மேசையின் பாலிஷ் வெளுக்கும். கம்பளி என்று சொல்லிக் கலப்படத்தை விற்பதும் உண்டு. ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால், கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு நொறுங்கும் சாம்பலாகும், பாலியெஸ்டரோ உருகிக் கெட்டி மணியாகத் திரளும். பெட்டியை வைக்க உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டை உபயோகிப்பது கூடவே கூடாது. அதன் நுண்துகள் நுரையீரலில் புற்றை விளைவிக்கும்.

என் அபிப்பிராயத்தில், இரண்டடிக்கு ஒன்றரையடிப் பிளைவுட் ஒன்றை ஆசாரியிடம் அறுத்து வாங்கி, பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாகப் பரப்பி, கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியை அதன்மேல் இறுக்கி இழுத்து அடிப்பக்கம் ஆணியடித்துக்கொள்வதைவிடச் சிறந்த பலகை கடையில் கிடைப்பது அரிது.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின் இஸ்திரிப் பெட்டிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண் மெய்யானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்த்துவிடலாம். 1000 வாட் பெட்டி 4 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், மிஷின் மோட்டாரும் மின்விசிறியும் தொங்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் அதையும் மாட்டுவது விபரீதம். வெறுங்காலோடு தரையில் அமர்ந்து தேய்ப்பவர் எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கையே நாடவேண்டும். சுட்டுக்கொண்டால் மாவும் பற்பசையும் பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் கையைக் காட்டிவிட்டு வைத்தியரை அணுகுவதே முறை.

இனி உரிமை. வாங்கிய பொருள் பழுதென்று போனால், “தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் அல்ல” என்று சாதிக்கும் விற்பனையாளர்கள் உண்டு. அதைக் கேட்டு மனம் சோர்ந்து திரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாணிப நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குவது மெய். ஆயினும், சுயதொழிலால் ஜீவனம் செய்வதற்கென்றே வாங்கித் தாமே உபயோகிப்பவரை அந்த விலக்கிலிருந்து அச்சட்டமே மீட்டுக்கொடுக்கிறது. கூடத்தில் ஒற்றை மிஷின் போட்டுத் தைக்கும் பெண்மணி பூரணமான நுகர்வோரே. ரசீது தர மறுப்பதும், பழுதான பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டப்படி நியாயமற்ற வாணிப முறைகளாம். இணையத்தில் விற்பவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவேண்டுமென்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன.

முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். அதில் பலன் இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குறை நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். விற்றவர் டில்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மதுரையிலேயே வழக்குத் தொடுக்க வழியுண்டு. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் தாமே வாதாடவும் தடையில்லை. மாற்றுப் பொருள், விலை, நஷ்டஈடு ஆகியவற்றை ஆணையம் வழங்கலாம். ரசீதும் அட்டைப் பெட்டியும் உருகிய பலகையும் கருகிய வாடிக்கையாளர் துணியும் சாட்சியமாதலால், அவற்றைப் புகைப்படம் எடுத்து, வழக்கு முடியும்வரை குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துக.