பக்கிங்காம் கால்வாய்க் கரைவழி (பேசின் பிரிட்ஜ் – எண்ணூர்)

பக்கிங்காம் கால்வாய்க் கரைவழி என்பது வட சென்னையில் பேசின் பிரிட்ஜ் பகுதியிலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகியவற்றின் வழியே எண்ணூர் கழிமுகம் வரை கால்வாயை ஒட்டிச் செல்லும் கரை நிலமாகும். படகுப் போக்குவரத்து இருந்த காலத்தில் படகை இழுத்துச் செல்வோரின் நடைவழியாக இது பயன்பட்டது. இன்று சில இடங்களில் தெருவாகவும், சில இடங்களில் ஒற்றையடிப் பாதையாகவும், சில இடங்களில் குடியிருப்பாகவும் உள்ளது. வேறு சில இடங்களில் வேலிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் தொடர்வண்டித் தடங்களும் நிறைந்த இப்பகுதியில், நடந்து செல்வோருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் நீர்நிலையையும் திறந்தவெளியையும் அடையும் பொதுவழி எது என்ற கேள்வி இக்கரையோடு நெருங்கிய தொடர்புடையது.

வரலாறு

சென்னையையும் எண்ணூரையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1806-ஆம் ஆண்டில் பசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால் வெட்டப்பட்டது. அதனால் இது தொடக்கத்தில் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1837-இல் அரசு இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வடக்கு நோக்கி நீட்டித்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவம் ஆற்றுக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட இணைப்பு வெட்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு இடப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் 257 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில் 163 கிலோமீட்டருமாக இதன் மொத்த நீளம் 420 கிலோமீட்டர் ஆகும்.

கால்வாய்ப் படகுகள் ஒதுங்கிச் சரக்கு இறக்கிய நீர்த்துறையே 'பேசின்' எனப்பட்டது. அதன் அருகிலிருந்த பாலத்தால் ஊர்ப்பகுதியும் தொடர்வண்டி நிலையமும் பேசின் பிரிட்ஜ் என்ற பெயரைப் பெற்றன. உப்பும் விறகும் தானியமும் இவ்வழியே நகருக்கு வந்தன. அருகிலுள்ள சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையத்தின் பெயரில் உப்புக் கொட்டாரத்தின் நினைவு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரித்தும், ஆழம் குறைந்த இடத்தில் கழி ஊன்றியும், மற்ற வேளைகளில் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தும் படகுகளைச் செலுத்தினர். எனவே கரையைத் தடையின்றி வைத்திருப்பது கால்வாய்ப் பராமரிப்பின் ஒரு பகுதியாக இருந்தது. கால்வாய்ப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த 1890-இல் சென்னை மாகாணக் கால்வாய்கள் மற்றும் பொதுப் படகுத்துறைகள் சட்டம் இயற்றப்பட்டது.

தொடர்வண்டியும் சரக்குந்தும் பெருகியபின் படகுகள் குறைந்தன. 1960-களின் புயல்கள், தூர்வாராமை, கழிவுநீர்க் கலப்பு ஆகியவற்றால் சென்னைப் பகுதியில் போக்குவரத்து நின்றுபோனது. இழுப்போர் இல்லாத கரையைத் திறந்து வைத்திருக்கும் தேவையும் அதனோடு மறைந்தது. நகரின் நடுப்பகுதியில் பறக்கும் தொடர்வண்டித் திட்டத்தின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுப்பப்பட்டன. 2008-இல் இக்கால்வாய் உள்ளிட்ட நீர்வழித்தடம் தேசிய நீர்வழி 4 என அறிவிக்கப்பட்டது.

இன்றைய நிலை

பேசின் பிரிட்ஜ் சந்திப்பில் சென்னை சென்ட்ரலிலிருந்தும் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்தும் வரும் தடங்கள் கூடி, கும்மிடிப்பூண்டிக்கு வடக்காகவும் அரக்கோணத்துக்கு மேற்காகவும் பிரிகின்றன. பணிமனைகளும் சரக்குத் தடங்களும் இவற்றோடு சேர்ந்துள்ளன. இதனால் அடுத்தடுத்துள்ள குடியிருப்புகள்கூடத் தண்டவாளங்களால் துண்டிக்கப்பட்டுள்ளன. மறுபுறம் செல்ல மேம்பாலம் அல்லது சுரங்கப்பாதை வரை சுற்ற வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்றவை பெருமழையில் நீரில் மூழ்குவது வழக்கம். அந்நாட்களில் சுற்று மேலும் நீளும். குறுக்கே கடப்பது 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கோ ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இடமளிக்கும் குற்றம். உயிருக்கும் ஆபத்தானது. ஆயினும் பக்கத்தில் வேறு வழி இல்லாத இடங்களில் மக்கள் கடந்துகொண்டுதான் இருக்கின்றனர்.

பேசின் பிரிட்ஜ் அருகே ஓட்டேரி நல்லா கால்வாயில் கலக்கிறது. அங்கிருந்து வடக்கே செல்லச் செல்லக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் சேர்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து பரவிய எண்ணெய் இக்கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தை அடைந்து, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. கரை திறந்திருந்தாலும் நீர் இந்நிலையில் இருந்தால் அங்கே நடக்க வருவோர் குறைவு.

கிழக்கே கடற்கரையும் எளிதில் எட்டுவதாக இல்லை. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கற்கள் பல இடங்களில் மணற்பரப்புக்குப் பதிலாக நிற்கின்றன. கரையை ஒட்டிய எண்ணூர் விரைவுச் சாலையில் சரக்குப் பெட்டக லாரிகளின் நெரிசல் மிகுதி. மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோரும் மீன்பாடி வண்டி ஓட்டுவோரும் அவற்றோடு ஒரே சாலையைப் பகிர வேண்டியுள்ளது. எண்ணூர் கழிமுகத்தில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களுக்கு நீரை அடையும் வழி பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு.

சட்ட நிலை

தமிழ்நாட்டின் வருவாய்த் துறை ஆவணங்களில் தனியார் பட்டாவில் சேராத பொதுப் பயன்பாட்டு நிலம் புறம்போக்கு எனப்படும். பாதை, வண்டிப்பாதை, வாய்க்கால், மந்தைவெளி, மேய்ச்சல் எனப் பயன்பாட்டுக்கு ஏற்ப அது வகைப்படுத்தப்படும். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் கால்நடையும் சென்ற பழைய வழிகள் பல இவ்வகைப்பாட்டின் வழியாகவே இன்றும் அடையாளம் காணப்படுகின்றன. புல வரைபடமும் 'அ' பதிவேடும் இதற்கான முதன்மைச் சான்றுகள்.

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் 2-ஆம் பிரிவு, பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள், ஆறுகள், கால்வாய்கள், உயர் அலைக் கோட்டுக்குக் கீழுள்ள கடற்படுகை ஆகியவற்றை அரசின் சொத்து என்கிறது. அதே பிரிவு, அந்த உடைமை வழியுரிமைக்கும் பிற பொது உரிமைகளுக்கும் உட்பட்டது என்றும் கூறுகிறது. அதாவது நிலம் அரசுக்குரியது என்பதாலேயே அதன் மீது மக்களுக்குள்ள வழி மறைந்துவிடாது.

தனியார் நிலத்தின் குறுக்கே ஒருவருக்குள்ள வழியுரிமை வேறு வகையைச் சேர்ந்தது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, ஒரு வழியை வெளிப்படையாகவும் அமைதியாகவும் உரிமையுடனும் இடைவிடாமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தினால் அது உரிமையாக நிலைபெறும். அரசு நிலமாயின் இக்காலம் 30 ஆண்டுகள்.

நடப்போருக்குச் சார்பான நகரக் கொள்கைகளும் உள்ளன. சென்னை மாநகராட்சி 2014-இல் இயந்திரம் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைபாதை, மிதிவண்டித் தடம் போன்றவற்றுக்கு ஒதுக்குவது அதன் இலக்குகளுள் ஒன்று. இந்தியச் சாலைகள் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை, நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் கூறில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 1949-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற அணுக்கச் சட்டம், பொதுவழிகளை உறுதி வரைபடத்தில் குறிக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளித்தது. அங்கு நடைவழி நடப்போருக்கு மட்டும் உரியது. குதிரைவழியில் நடப்போரும் குதிரையில் செல்வோரும் போகலாம். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைவழிகளில் மிதிவண்டியையும் அனுமதித்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, புதர்வெளி போன்ற திறந்த நிலங்களில் நடக்கும் உரிமையை வழங்கியது. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் நடந்தோ, மிதிவண்டியிலோ, குதிரையிலோ செல்லலாம் என்கிறது. இங்கிலாந்தில் படகுகளைக் குதிரைகள் இழுத்த கால்வாய்க் கரைகள் பல, இன்று நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் செல்லும் வழிகளாகியுள்ளன.

தமிழ்நாட்டில் புல வரைபடம் பாதையைக் காட்டினாலும் அது நில அளவைக்கான ஆவணமே. நடப்பவர் கையில் எடுத்துச் சென்று, எது பொதுவழி எனத் தெரிந்துகொள்ளும் வரைபடம் அன்று. வழியோரத்தில் அறிவிப்புப் பலகை வைக்கும் வழக்கமும் இல்லை. அதனால் ஒரு பாதை அடைக்கப்பட்டபின்னரே அது பொதுவழியா என்ற கேள்வி பெரும்பாலும் எழுகிறது.

சிக்கல்கள்

கரையைப் பொதுவழியாக மீட்பதில் முதன்மையான சிக்கல் அங்கு வாழும் மக்களின் நிலையாகும். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கால்வாய்க் கரையில் வாழ்கின்றன. கூவம் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல நகரின் தென்கோடிக்கு அப்பாலுள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டபோது, வேலையிடமும் பள்ளியும் தொலைவாயின. நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. முன்னறிவிப்பு கொடுத்துக் கருத்துக் கேட்காமல் அகற்றுவது பொதுவாக ஏற்கத்தக்கதன்று என்றும் கூறியது. நடப்போருக்காக ஒரு வழியைத் திறக்கும்போது, அவ்வழியில் தினமும் நடப்பவர்களையே அங்கிருந்து வெளியேற்றிவிட்டால் திட்டத்தின் நோக்கம் பழுதாகும்.

இரண்டாவது சிக்கல் பொறுப்புப் பிரிவினை. கால்வாய் நீர்வளத் துறையிடமும், தெருக்கள் மாநகராட்சியிடமும், தண்டவாளங்கள் இரயில்வேயிடமும் உள்ளன. ஒரு கிலோமீட்டர் கரையைத் தொடர்ச்சியான நடைவழியாக்க இம்மூன்றின் இசைவும் வேண்டும்.

மேம்படுத்தும் வழிகள்

புதிய நிலம் கையகப்படுத்தாமலும் குடியிருப்புகளை அகற்றாமலும் செய்யத்தக்கவை சில உள்ளன. கரையின் எந்தெந்தப் பகுதி பாதையாகவோ நீர்வழியாகவோ பதிவாகியுள்ளது என்பதை 'அ' பதிவேட்டிலிருந்து தொகுத்துப் பொது வரைபடமாக வெளியிடுவது முதற்படி. பதிவேடு கிடைக்காத இடத்தில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். அடுத்து, தண்டவாளத்தை மக்கள் அதிகம் கடக்கும் இடங்களில் மிதிவண்டியையும் சக்கர நாற்காலியையும் ஏற்றத்தக்க சாய்தளத்துடன் நடைமேம்பாலம் அமைக்கலாம். படிக்கட்டு மட்டும் உள்ள பாலம் முதியோருக்கும் சுமை எடுத்துச் செல்வோருக்கும் பயன்படாமல், அவர்களை மீண்டும் தண்டவாளத்துக்கே அனுப்பும். கால்வாயைத் தூர்வாரும்போது வெளியே எடுக்கும் சேற்றைக் கரையிலேயே குவிக்காமல் அகற்றினால், இருக்கும் ஒற்றையடிப் பாதையாவது நடக்கத்தக்கதாக இருக்கும்.