பைனாகுலர் வாங்குமுன்

புனேயில் வாழும் நம்மவர் குளிர்காலத்தில் ஒருமுறையேனும் பிக்வண் சென்றுவருதல் நலம். சோலாப்பூர் சாலையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பீமா நதியை உஜனி அணை தேக்கியதால் விரிந்த நீர்ப்பரப்பு அது. பூநாரைகளும், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் அங்கே கூடுகின்றன. வெறுங்கண்ணுக்கு அவை வெறும் புள்ளிகளே.

பெரிதாகக் காட்டும் பைனாகுலரே சிறந்தது என்பது பலரது எண்ணம். அது பாதி உண்மைதான். கருவியில் 8×42 என்று பொறித்திருப்பின், 8 என்பது பெருக்கம். 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். பின்னதை முன்னதால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: ஐந்தேகால் மில்லிமீட்டர். சட்டைப்பையில் அடங்கும் 10×25க்கோ இரண்டரைதான். நண்பகலில் கண்ணின் பாவை சுருங்கியிருப்பதால் வேறுபாடு அவ்வளவாகப் புலப்படாது. பறவைகள் இரை தேடும் விடியற்பொழுதில் பாவை விரியும். அப்போது சிறு கருவியின் காட்சி மங்கிவிடும்.

பெருக்கம் கைநடுக்கத்தையும் பெருக்கும். பிக்வணில் படகிலிருந்து பார்ப்பதே வழக்கம். பத்து மடங்குக் கருவியில் பூநாரை நாட்டியமாடும்! எட்டே போதும். காட்சிப்பரப்பும் பொதுவாக அகன்றிருக்குமாதலின், சிங்ககட் மலைச்சரிவில் பறந்தோடும் சிறு குருவியையும் தொடரலாம்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் (கோப்புகளோடு மல்லாடும் நம்மில் பலர் அவ்வாறே) கண்வில்லையிலிருந்து 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கண் விலகியிருந்தாலும் முழுக்காட்சி தரும் கருவியைக் கேட்டு வாங்கவேண்டும். இல்லையேல் கொடுத்த விலைக்குக் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே கிட்டும். கடைவாயிலில் நின்று, தொலைவில் நிழலிலுள்ள பெயர்ப்பலகையொன்றைப் படித்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள். கதிரவனை மட்டும் அதன்வழி ஒருபோதும் நோக்கலாகாது.