தொங்கிக்கொண்டே தூங்கலாமா? ஹேமக் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க!

இன்ஸ்டாவில் நாலு ரீல்ஸ் தள்ளினால் ஐந்தாவதில் ஒரு ஹேமக் வந்துவிடுகிறது. இரண்டு மரம், நடுவே ஒரு துணி, கையில் டீ கப், பின்னால் மேகம் மூடிய மலை. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே ஆன்லைனில் கிடைக்கிறது, சுருட்டினால் டிபன் டப்பா அளவுதான் என்பதால் பலரும் ஆர்டர் போட்டுவிடுகிறோம். ஆனால், அந்த ரீல்ஸ் எதுவுமே ராத்திரி மூன்று மணிக்கு எடுத்தது இல்லை. சிக்கல் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கும்.

ஹேமக் ஒன்றும் நேற்று வந்த ஐட்டம் இல்லை. 1492-ல் கரீபியன் தீவுகளுக்குப் போன கொலம்பஸ், அங்கே மக்கள் வலைபோல ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுத் தூங்குவதைக் குறிப்பில் எழுதிவைத்தார். அந்தத் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் 'ஹமாக்கா' என்ற சொல்தான் இன்றைய ஹேமக். பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையானது. கப்பல் எந்தப் பக்கம் ஆடினாலும் தொங்கும் படுக்கையில் இருப்பவர் உருண்டு விழ மாட்டார் இல்லையா, அதனால்!

ஆடினால் தூக்கம் வரும் என்பதை அம்மாவின் புடவையில் கட்டிய தூளியில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெனீவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 12 ஆண்களை மதியம் 45 நிமிடம் மெதுவாக ஆடும் கட்டிலில் படுக்கவைத்தபோது, ஆடாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். 12 பேர், அதுவும் பகல் தூக்கம் என்பதால் இதை வைத்து ரொம்பப் பெரிதாகச் சொல்லிவிட முடியாது. பாட்டிக்குத் தெரிந்த விஷயத்துக்கு ஒரு சின்ன சான்று, அவ்வளவுதான்.

இறுக்கிக் கட்டினால் ஆபத்து

ஹேமக் கட்டும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, 'கட்டில் மாதிரி நேரா இருக்கணும்' என்பதுதான். அதனால் கயிற்றை முடிந்தவரை இழுத்துக் கட்டுகிறார்கள். உண்மையில் அது தொய்ந்துதான் தொங்க வேண்டும். மரத்திலிருந்து கயிறு சுமார் 30 டிகிரி சரிவில் இறங்கினால் சரி.

இதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு இருக்கிறது. நீங்கள் 70 கிலோ என்றால், 30 டிகிரியில் ஒவ்வொரு பக்கக் கயிறும் 70 கிலோ அளவுக்கு இழுபடும். 10 டிகிரிக்கு இறுக்கினால் அது 200 கிலோ. 5 டிகிரி என்றால் 400 கிலோ! எடை அதே எடைதான், கோணம் மட்டும்தான் மாறியது. கொக்கி பிய்வதும் துணி கிழிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

தூளியும் ஹேமக்கும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. தூளி உத்திரத்திலிருந்து நேர்கீழாகத் தொங்குகிறது. ஹேமக் பக்கவாட்டில் இழுக்கிறது. செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கத்திலிருந்து இழுத்தால் தாங்காது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் 2020-ல் இரண்டு சகோதரிகள், 12 மற்றும் 14 வயதுக் குழந்தைகள், செங்கல் தூணில் கட்டியிருந்த ஹேமக்கில் இருந்தபோது தூண் சரிந்து விழுந்து இறந்துபோனார்கள். ஆகவே கேட் தூண், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டித் தூண் எதிலும் பிள்ளைகள் கட்ட விடாதீர்கள்.

மரம் என்றால் புளி, மா, வேம்பு எதுவானாலும், உயிரோடு நிற்கும் தடித்த அடிமரமாக இருக்க வேண்டும். முருங்கை பக்கமே போக வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தென்னை உறுதிதான், ஆனால் மட்டையும் காயும் சொல்லிவிட்டா விழுகின்றன? கட்டும் முன் அண்ணாந்து பார்த்து, பட்டுப்போன கிளை இருந்தால் வேறு மரம் தேடுங்கள். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும் என்பதால் ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பட்டை நாடா நல்லது. உட்கார்ந்தால் நாற்காலி உயரம் இருக்கட்டும். தவறி விழுந்தாலும் பெரிய அடி படாது.

படுக்கும்போது நீளவாக்கில் நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்து, காலையில் இடுப்பு பேசும். தலையை ஒரு மூலைக்கும் காலை எதிர்மூலைக்கும் தள்ளி, குறுக்காகப் படுங்கள். முதுகு கிட்டத்தட்ட நேராகிவிடும். துணி தொய்வாக இருந்தால்தான் இப்படிப் படுக்க இடம் கிடைக்கும். ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் மதியத் தூக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, இரவைப் பற்றி முடிவு செய்யலாம்.

குளிர் கீழேயிருந்து வரும்

கொடைக்கானல், ஏற்காடு என்று கிளம்புபவர்கள் கனமான ஸ்லீப்பிங் பேக் எடுத்துப்போயும் நடுங்குகிறார்கள். நமக்குக் கதகதப்பு தருவது பஞ்சுக்குள் தங்கியிருக்கும் காற்று. உங்கள் எடையில் முதுகுக்கடியில் பஞ்சு நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. தரையில் படுத்தால் குளிர்காற்று கீழே புகாது. ஹேமக்கிலோ அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு மட்டும் ஐஸ்!

இதற்கென்றே ஹேமக்கின் வெளிப்புறத்தில், அடியில் தொங்கவிடும் மெத்தை விற்கிறார்கள். விலை கொஞ்சம் அதிகம். நசுங்காத ஃபோம் மேட் ஒன்றை முதுகுக்கடியில் போட்டாலே முக்கால்வாசிப் பிரச்னை தீரும். இரண்டடுக்குத் துணி கொண்ட ஹேமக் என்றால் மேட்டை நடுவில் செருகிவிடலாம், நழுவாது. ஜமுக்காளம் மட்டும் போதாது, பனியில் ஈரமாகிவிடும். மெல்லிய துணி வழியாகக் கொசு அடியிலிருந்தும் கடிக்கும் என்பதால், வலை சுற்றிலும் மூட வேண்டும்.

மழைக்கு மேலே தார்ப்பாய் கட்டினாலும், மரத்தில் வழியும் தண்ணீர் நாடாவைப் பிடித்துக்கொண்டே படுக்கைக்கு வந்து சேரும். தார்ப்பாய்க்குள் வரும் இடத்தில், நாடாவில் ஒரு சின்னக் கயிற்றுத் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும். பத்துப் பைசா செலவில்லாத வேலை.

கடைசியாக, இடம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தனியார் எஸ்டேட் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், ரிசார்ட் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். புக் செய்யும்போதே அங்கே யானை நடமாட்டம் உண்டா, இரவில் காவலுக்கு ஆள் இருப்பாரா, இரவில் தங்கவைக்க அனுமதி பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், ஹேமக்கை மாமா வீட்டு மாந்தோப்பில் கட்டிக்கொள்ளலாம்.