போட்டோ எடிட்டிங் கணினி ஸ்லோவா இருக்கா? சின்ன கேபினெட்டைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

முகூர்த்த சீசன் முடிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் 2,000 ரா படங்கள் காத்திருக்கின்றன. லைட்ரூமில் ஸ்லைடரை நகர்த்தினால் இரண்டு நொடி கழித்துத்தான் படம் மாறுகிறது. எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டு சாப்பிட்டு வந்தாலும் முடிந்தபாடில்லை. ஆல்பம் எப்போது வரும் என்று பெண் வீட்டார் போன் மேல் போன் போடுகிறார்கள். கடையில் கேட்டால், "கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க, சரியாயிடும்" என்கிறார்கள்.

சரியாகுமா? ஆகலாம், ஆகாமலும் போகலாம். நாமே பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த சின்ன கேபினெட் கணினி என்றால் இன்னும் கவனமாக இருக்கணும். ஏன் தெரியுமா?

சின்ன கேபினெட்டில் என்ன சிக்கல்?

இந்தக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு. 170 மி.மீ நீளம், 170 மி.மீ அகலம், அவ்வளவுதான். வழக்கமான ஏடிஎக்ஸ் போர்டின் அளவு 305 மி.மீ, 244 மி.மீ. மினி ஐடிஎக்ஸில் பொதுவாக ராம் போட இரண்டே ஸ்லாட், கார்டு சொருக ஒரே ஸ்லாட்தான் இருக்கும்.

பெரிய கேபினெட்டில் இருப்பதோடு இன்னொன்றைச் சேர்க்கலாம். சின்ன கேபினெட்டில் பெரும்பாலும் பழையதைக் கழற்றிவிட்டுத்தான் புதியதைப் போட முடியும். அதனால் தப்பான பாகத்தை வாங்கினால் நஷ்டம் இரட்டிப்பு. போதாக்குறைக்கு, ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் அதிகமாகப் போவதால் 2025 இறுதியில் ராம் விலையும் எகிறியது. முதலில் நோயைக் கண்டுபிடிப்போம், பிறகு மருந்து வாங்கலாம்.

உதாரணத்துக்கு, 2018 வாக்கில் அசெம்பிள் செய்த ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மினி ஐடிஎக்ஸ் போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 450 வாட் பவர் சப்ளை.

எது இழுக்கிறது? கண்டுபிடிப்பது எப்படி?

இதற்குக் காசு செலவில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமான வேலையைச் செய்யுங்கள்.

* மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்குதா? ராம் போதவில்லை.
* எக்ஸ்போர்ட், ப்ரிவ்யூ உருவாக்கும்போது சிபியு 100 சதவீதத்திலேயே நிற்குதா? பிராசஸர் திணறுகிறது.
* ஏஐ டினாய்ஸ் கொடுக்கும்போது ஜிபியு மெமரி நிரம்பி வழியுதா? கிராபிக்ஸ் கார்டுதான் காரணம்.
* படங்களைத் திறக்கும்போது டிஸ்க் 100 சதவீதம் காட்டுதா? டிரைவ் மெதுவாக இருக்கிறது.

எல்லாமே குறைவாகக் காட்டுகிறது, ஆனாலும் ஸ்லோ என்றால் சூட்டைச் சந்தேகப்படணும். சூடு எல்லை மீறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், காற்றோட்டம் குறைந்த சின்ன பெட்டிக்குள் இது சகஜம்.

காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

முதலில் ஃபேனிலும் ஃபில்டரிலும் இருக்கும் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் பண்ணுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆஃப் ஆகியிருந்தால், 3200 வேகத்துக்கு வாங்கிய ராம்கூட 2133 அல்லது 2666 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

லைட்ரூம் கிளாசிக்கில் கேமரா ரா கேஷ் அளவை 20 ஜிபிக்கு உயர்த்துங்கள். 'ஸ்மார்ட் ப்ரிவ்யூ' உருவாக்கி, ஒரிஜினலுக்குப் பதிலாக அதை வைத்து எடிட் செய்யும் வசதியும் இருக்கிறது. நீளமான பக்கம் 2560 பிக்சல் கொண்ட சின்ன பிரதிதான் அது. அதனால் பழைய கணினியிலும் ஸ்லைடர் லேசாக நகரும். எக்ஸ்போர்ட் ஆகும்போது ஒரிஜினல் படமே பயன்படும். தரம் குறையுமோ என்ற பயம் வேண்டாம்.

இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தால் நல்லது. தீரவில்லையா? அப்போ பாகங்களைப் பார்ப்போம்.

ராம்: எவ்வளவு போதும்?

ஒரு சின்ன கணக்கு. 24 மெகாபிக்சல் படம் என்றால் 2.4 கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள். 16 பிட் தரத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 2 பைட். ஆக, போட்டோஷாப்பில் ஒரு லேயருக்கே சுமார் 144 எம்பி. பத்து லேயர் போட்டால் 1.4 ஜிபியைத் தாண்டும். ஆல்பம் ஷீட்டில் பத்துப் பதினைந்து படங்களை அடுக்கி, பக்கத்தில் லைட்ரூமும் பிரவுசரும் திறந்திருந்தால் 16 ஜிபி எப்படிப் போதும்?

படங்களை ஒவ்வொன்றாகத் திருத்துபவருக்கு 16 ஜிபி ஓரளவு ஓடும். ஆல்பம் டிசைன், பனோரமா வேலை என்றால் 32 ஜிபி வேண்டும். இருப்பது இரண்டே ஸ்லாட், அதிலும் இரண்டு 8 ஜிபி உட்கார்ந்திருக்கிறது. அதனால் இன்னொன்று சேர்க்க முடியாது. இரண்டையும் கழற்றிவிட்டு இரண்டு 16 ஜிபி கொண்ட ஜோடியாக வாங்கணும். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 பொருந்தாது என்பதையும் மறக்காதீங்க.

எஸ்எஸ்டி: பின்பக்கத்தைப் பாருங்க

ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 எம்பி. பிசிஐஇ 3.0 என்விஎம்இ டிரைவ் சுமார் 3,500 எம்பி. எடிட் செய்துகொண்டிருக்கும் படங்களும் லைட்ரூம் கேட்டலாக்கும் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்றால், நல்ல மாற்றம் தெரிவது இங்கேதான்.

சில மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் எம்.2 ஸ்லாட் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும். அப்படியென்றால் போர்டையே கழற்ற வேண்டி வரலாம். மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, பி450 போர்டு பிசிஐஇ 3.0 வேகம்தான் தரும். அதிக விலை கொடுத்து வேகமான 4.0 டிரைவ் போட்டாலும் முழு வேகம் கிடைக்காது.

கிராபிக்ஸ் கார்டு: யாருக்குத் தேவை?

முன்பெல்லாம் போட்டோ எடிட்டிங்குக்கு கிராபிக்ஸ் கார்டு பெரிய விஷயமில்லை. 2023 ஏப்ரலில் லைட்ரூமுக்கு ஏஐ டினாய்ஸ் வந்ததும் நிலைமை மாறியது. மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படங்களின் புள்ளிகளை நீக்கும் வேலை கிட்டத்தட்ட முழுக்கவும் கார்டின் தலையில்தான். பழைய 4 ஜிபி கார்டில் ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கில் ஆகும். 8 ஜிபி கொண்ட புதிய கார்டில் நொடிக் கணக்கில் முடியும். நூறு படம் என்றால் வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டினாய்ஸ் பக்கமே போகாதவர் என்றால், கார்டை மாற்றியும் எதிர்பார்த்த வேகம் கிடைக்காமல் ஏமாறலாம்.

வாங்கும் முன் மூன்று விஷயங்களை அளந்து பாருங்கள்: கார்டின் நீளம், தடிமன், பவர் சப்ளை. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட்தான் இழுக்கும். ஒற்றை ஃபேன் கொண்ட குட்டி மாடல்களும் வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை. நம் உதாரணக் கணினியில் இருப்பது 450. சின்ன கேபினெட்டுகள் பலவற்றில் எஸ்எஃப்எக்ஸ் அளவு பவர் சப்ளைதான் நுழையும். அதனால் கார்டு விலையோடு அதன் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடணும். பவர் சப்ளையை மாற்ற வேண்டாம் என்றால் 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 இருக்கிறது. ஆனால் அதில் மெமரி 6 ஜிபிதான்.

பிராசஸர்: போர்டை மாற்றாமலே முடியுமா?

ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி. 2018-ல் வாங்கிய பி450 போர்டிலும், அந்த மாடலுக்கான பயாஸ் அப்டேட் போட்டால் ரைசன் 5000 வரிசை பிராசஸர்கள் ஓடும். ஆறு கோர் கொண்ட 2600-க்குப் பதிலாக எட்டு கோர் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ் போடலாம். இரண்டுக்குமே 65 வாட்தான் என்பதால் சின்ன பெட்டிக்கும் பாரமில்லை. போர்டு, ராம் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆனால் 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. புதிதாக கூலர் வாங்குவதாக இருந்தால் அதன் உயரம் முக்கியம். ஃப்ராக்டல் நோட் 202 கேபினெட்டில் 56 மி.மீ உயரம்தான் நுழையும், கூலர் மாஸ்டர் என்ஆர்200-ல் 155 மி.மீ வரை போகலாம். இரண்டுமே சின்ன கேபினெட்தான், ஆனால் வித்தியாசம் இவ்வளவு!

கழற்றும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஒன்று, வரிசை. புது பிராசஸரைப் போடும் முன்பே, பழையது இருக்கும்போதே பயாஸ் அப்டேட் செய்யணும். இல்லையென்றால் திரையே வராமல் போகலாம்.

இரண்டு, பின்கள். ஏஎம்4 பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டோடு கூலரை நேராக இழுத்தால் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையலாம். கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றிய பிறகு, கூலரை லேசாகத் திருகி எடுங்கள்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. விண்டோஸ் 11-ல் பிட்லாக்கர் பூட்டு உங்களுக்கே தெரியாமல் ஆன் ஆகியிருக்கலாம். பிராசஸர் மாற்றியதும் கணினி ரிகவரி கீ கேட்கும். அந்தக் கீ கையில் இல்லையென்றால் டிரைவில் இருக்கும் படங்களைத் திறக்கவே முடியாது. அதனால் கேபினெட் ஸ்க்ரூவைத் தொடும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ரிகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், வாடிக்கையாளர் படங்கள் வெளியே இரண்டு இடங்களில் காப்பி ஆகியிருக்கணும். கணினி போனால் இன்னொன்று வாங்கலாம். ஒருவரின் கல்யாணத்தை மறுபடியும் படம்பிடிக்க முடியாதே!

சுருக்கமா சொன்னா...

ஆல்பம் டிசைன் செய்பவர் ராமில் தொடங்கலாம். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் வேலை செய்பவருக்கு முதலில் எஸ்எஸ்டி. இரவு விசேஷங்களை அதிகம் எடுப்பவருக்கு கிராபிக்ஸ் கார்டு. ஆயிரக்கணக்கில் எக்ஸ்போர்ட் செய்பவருக்கு பிராசஸர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். அந்த ஒன்றே போதும் என்றால் மிச்சப் பணம் லாபம்தானே!