காய்ச்சல் விட்ட பிறகு எப்போது ஓடலாம்?

நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர்கள் வழக்கமாக, "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்று கேட்பார்கள். நெடுந்தொலைவு ஓட்டத்தில் பழகியவர்கள் கேட்பது வேறு. "அடுத்த மாதம் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், டாக்டர். ஓடலாமா?" பெரும்பாலும் மனைவியோ மகளோ மருந்து வாங்க வெளியே சென்ற பிறகுதான் இந்தக் கேள்வி வரும்.

காய்ச்சல் இறங்குவதும் உடல் தேறுவதும் ஒன்றல்ல. சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் நுரையீரலின் காற்றறைகளில் தேங்கிய அழற்சிநீர் முழுவதும் வற்றி, எக்ஸ்ரே படத்தில் நிழல் மறைய ஆறு வாரங்கள்கூட ஆகலாம். முதியோருக்கும் புகைபிடிப்போருக்கும் அதைவிடக் கூடுதலாகும். இதனுடன் படுக்கையில் கிடந்ததால் ஏற்படும் இழப்பும் சேரும். 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், நலமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தனர். கடும் உழைப்பின்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முதுமையால் நேர்ந்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கையால் நேர்ந்த இழப்பே பெரிதாக இருந்தது! ஆறுதலான செய்தியும் உண்டு: படுக்கையை விட்டெழுந்து ஏறத்தாழ எட்டு வாரங்கள் முறையாகப் பயிற்சி செய்ததில் அவர்கள் இழந்ததை மீட்டுவிட்டனர்.

நாங்கள் பொறுத்திருக்கச் சொல்வதற்கு நுரையீரல் மட்டும் காரணமன்று. இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்கள் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். இது அரிதே. எனினும் அந்நிலையில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு திடீரெனச் சீர்குலைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே காய்ச்சலோ உடல்வலியோ இருக்கும்வரை பயிற்சி அறவே கூடாது. பாரசிட்டமால் விழுங்கியதால் இறங்கிய காய்ச்சல், விட்ட காய்ச்சல் ஆகாது. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஈசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்து பார்ப்போம். இதயத் தசை அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதங்கள் கடும் பயிற்சிக்கு இடமில்லை.

மருந்தின்றியே காய்ச்சல் இல்லாமலிருந்து, மாடிப்படி ஏறுவது உள்ளிட்ட அன்றாட வேலைகளில் மூச்சு வாங்காத நிலை வந்தபின் நடையில் தொடங்குங்கள். முதலில் 15 அல்லது 20 நிமிடம் போதும். உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். அடுத்து நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி. நேரத்தைக் கூட்டிய பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். காலையில் எழுமுன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்புகள் கூடுதலாக இருந்தால் அன்று ஓய்வு. வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் நடைக்கு முன்னும் பின்னும் பாருங்கள்; அளவு நான்கு புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்.

வைரஸ் தொற்றுக்குப் பின் மூச்சுக்குழாய்கள் சில வாரங்கள் எளிதில் சுருங்கும் தன்மையுடன் இருக்கும். குளிர்காற்றும் புகையும் இருமலைத் தூண்டும். மார்கழிப் பனியிலும், போகியன்று புகைமூட்டத்திலும் வெளியே ஓடாமல் வீட்டுக்குள் நடப்பது நல்லது. இன்ஹேலரைத் தாமாகவே நிறுத்த வேண்டாம். இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தாலோ, 'பழைய சளிதான்' என்று இருந்துவிடாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமில்லை.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். மாடியேறும்போது அவர் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாரா என்பது அவரைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். மறுபரிசோதனைக்கு வரும் நாளில் மருந்துக் கடைக்குப் பிறகு போய்க்கொள்ளலாம். அவர் கேள்வி கேட்டு முடிக்கும்வரை அறையிலேயே இருங்கள்.